சல்மாவின் நாவலை நம் கூட்டத்தில் வாசிக்கலாமா, வேண்டாமா?

அஞ்சுரோடு | ஞாயிறு இரவு 9.40

அடுத்த மாத வாசிப்புக்கு சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்று போன கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்தோம். இப்போது ஒரு சிக்கல். நாம் வழக்கமாகக் கூடும் கூடத்தின் உரிமையாளர் நேற்று கூப்பிட்டார். "தம்பி, வேற புத்தகம் வச்சுக்குங்க. முஸ்லிம் பொம்பளைங்க கதையாம், என்னென்னமோ இருக்காம். எனக்கு வம்பு வேண்டாம்" என்றார். படித்தீர்களா என்று கேட்டேன். "நான் எங்கப்பா படிக்கிறது, மச்சான் சொன்னான்" என்றார். அந்த மச்சானும் படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சல்மா 1968இல் பிறந்தவர், திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சி. பதின்மூன்று வயதில் தோழிகளோடு ஒரு சினிமாவுக்குப் போனதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அது பெரியவர்களுக்கான படம் என்று உள்ளே போனபிறகுதான் தெரியும். அப்புறம் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சுவர்களுக்குள்தான் வாழ்க்கை. ரகசியமாக எழுதிய கவிதைகளை அம்மா மூலமாக வெளியே அனுப்பினார். சல்மா என்பதே புனைபெயர். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் வந்தது, 'பச்சை தேவதை' 2003இல், இந்த நாவல் 2004இல். நடுவில் 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவராக ஜெயித்தார். அந்த இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால்தான் வீட்டில் நிற்கவே விட்டார்கள். கிம் லாஞ்சினாட்டோ எடுத்த ஆவணப்படம் 2013இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. 2025இல் தி.மு.க. சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். நம் சேலத்து எஸ்.ஆர். சிவலிங்கமும் அதே பட்டியலில் போனவர்தான்.

இவ்வளவு ஆன ஒருவரின் புத்தகத்தை, வந்து இருபது வருடம் தாண்டிய பிறகு, இருபது பேர் உட்கார்ந்து பேச முடியாதா? புத்தகத்தை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா? சொல்லுங்கள்.


கொலுசுப்பட்டறை | ஞாயிறு இரவு 10.05

இடத்தை மாற்றுங்கள்.


தட்டுவடை | ஞாயிறு இரவு 10.20

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? கருத்துச் சுதந்திரம். அந்தச் சமூகத்துப் பெண்கள் எப்படி அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். இப்படிப்பட்ட புத்தகங்களைக் கட்டாயம் படிக்க வைக்க வேண்டும். எதிர்ப்பவர்கள் எல்லாம் பிற்போக்குவாதிகள்.


கோட்டை பாய் | ஞாயிறு இரவு 11.15

கை தூக்காதவர்களில் நானும் ஒருவன். அதனால் பிற்போக்குவாதி என்ற பட்டத்தை முதல் ஆளாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தம்பி, நான் புத்தகத்தைப் படித்திருக்கிறேன். ஒரு வரி விடாமல், கையில் பென்சிலோடு.

புத்தகத்தைத் தடை செய்யுங்கள் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. எனக்குப் பிரச்சினை வேறு. தஞ்சாவூர் பக்கத்து மிராசுதார் வீட்டுக் கதையைப் படித்துவிட்டு, 'இந்துக்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று யாரும் சொல்வதில்லை, அது ஒரு குடும்பத்தின் கதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக் கதை என்றால் மட்டும் அது அறிக்கை ஆகிவிடுகிறது. 'அந்தச் சமூகத்துப் பெண்கள் எப்படிக் கிடக்கிறார்கள்' என்று தட்டுவடை எழுதியிருக்கிறாரே, அதைத்தான் சொல்கிறேன். நாவல் படிக்க வருகிறவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வருகிறார்.

இரண்டாவது, அந்த நாவலில் உருப்படியான ஓர் ஆணைக் காட்டுங்கள். என் அத்தா இருபத்தெட்டு வருடம் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றார். ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு அவர்தான் வெங்காயம் நறுக்கிக் கொடுப்பார். அவரைப் போன்றவர் ஒருவருக்குக்கூட அந்த ஊரில் வீடு இல்லையா?

மூன்றாவது, படுக்கையறை. சொல்ல வேண்டுமா அதையெல்லாம்? அவ்வளவுதான்.


கொலுசுப்பட்டறை | ஞாயிறு இரவு 11.40

பாய், மூன்றாவதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். எங்கள் பட்டறை வீட்டோடு சேர்ந்தது. மதியத்துக்கு மேல் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோப்பார்கள். பத்து வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்கு ஒன்றும் புரியாது என்று அவர்கள் நினைப்பு. புருஷன், மாமியார், படுக்கை, கர்ப்பத்தடை ஆபரேஷன் என்று எல்லாமே வரும். சிரிப்பும் வரும், திடீரென்று ஒருத்தி மூக்கைச் சிந்துவாள். நாவலைப் படிக்கும்போது எனக்கு அதிர்ச்சியே இல்லை. அந்த ராபியா என்ற சின்னப் பெண் கதவோரம் நின்று கேட்கிறாளே, அது நான். மதம்தான் வேறு.

அவர்கள் திண்ணையில் பேசினால் பேச்சு. அதையே ஒரு பெண் எழுதினால் ஆபாசம்.


அஞ்சுரோடு | திங்கள் காலை 7.10

இதே பிரச்சினை 2003 வாக்கில் தமிழ்நாட்டில் பெரிதாகவே நடந்தது. சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி, உடம்பைப் பற்றி எழுதுகிறார்கள் என்று திட்டித் தீர்த்தார்கள். குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்புக்குத் தலைப்பே குற்றமாயிற்று. திட்டியவர்களில் சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களும் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. பெண் உடம்பை வர்ணித்துச் சம்பளம் வாங்கியவர்கள்!


ஓய்வுத் தமிழாசிரியர் | திங்கள் காலை 8.30

நடுவே ஒரு சின்னக் குறுக்கீடு, பொறுத்துக்கொள்ளுங்கள். தலைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜாமம் என்பது யாமம். ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். மாலை ஆறிலிருந்து கணக்கிட்டால் இரண்டாம் ஜாமம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. ஊர் அடங்கி, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு ஒரு பெண் படுக்கைக்குப் போகிற நேரம் அது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலப் பெயர்ப்பு 2009இல் வந்தபோது தலைப்பு நள்ளிரவுக்குப் பிந்தைய பொழுது என்று ஆகிவிட்டது. எனக்கு அது ஒரு ஜாமம் தள்ளிப் போய்விட்டதாகவே படுகிறது.

சல்மாவின் முதல் தொகுப்பிலேயே 'இரண்டாம் ஜாமத்துக் கதை' என்று ஒரு கவிதை உண்டு. பிள்ளை பெற்ற பிறகு, கணவன் தன் உடம்பில் பழைய அழகைத் தேடுவதை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கவிதையில் அது ஒரே ஒரு கதை. நாவலில் 'ஜாமங்களின்' என்று பன்மை ஆகிவிட்டது. அந்த ஒரு 'ங்கள்' போதும், அவர் என்ன செய்ய நினைத்தார் என்று புரிந்துகொள்ள.


லைன்மேட்டு ஆப்பா | திங்கள் மாலை 4.15

எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்களா? முஸ்லிம் பெண்ணைப் பற்றிய இழையில் இதுவரை ஒரு முஸ்லிம் பெண்ணும் எழுதவில்லை. சரி, நான் எழுதுகிறேன். சமைத்து, சாப்பாடு போட்டு, மதியத் தொழுகை லுஹர் தொழுதுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் நேரம் இருக்கிறது.

முதலில் தட்டுவடைத் தம்பிக்கு. நான் எம்.காம். படித்தவள். வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் எங்கள் கடைக்கு நான்தான் பார்க்கிறேன். 'அடைபட்டுக் கிடக்கிற' எனக்காகக் கவலைப்பட்டதற்கு நன்றி. அந்த நாவலில் வருகிறது தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகள். எங்கள் வீட்டில் பேசுவது தக்னி உருது. அவர்கள் அத்தா என்பார்கள், நாங்கள் அப்பா என்போம், அக்காவை ஆப்பா என்போம். கல்யாணச் சடங்கு வேறு, சாப்பாடு வேறு, சண்டை போடும் விதம்கூட வேறு. லைன்மேட்டில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது எனக்கும் அது அயலூர்க் கதைதான். ஆகவே பாய் சொன்ன முதல் விஷயத்தை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாய், அதற்காக எழுதாமல் இருக்க முடியுமா? அயலார் தப்பாகப் படிப்பார்கள் என்று பயந்து நாம் நமக்குள்ளேயே பேசாமல் இருந்தால், கடைசியில் நமக்கென்று மிஞ்சுவது என்ன? திருமண மண்டபத்தில் வாசிக்கும் வாழ்த்து மடல்தான்.

நான் நாவலைப் படித்தது பன்னிரண்டு வருடத்துக்கு முன். ஒரு நூலகத்திலிருந்து எடுத்து, என் பையனின் பழைய கணக்கு நோட்டு அட்டையைப் போட்டு வைத்திருந்தேன். மாமியாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் அட்டை போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்று வரை யோசிக்கிறேன்.

புத்தகத்தில் குறை இல்லையா? நிறைய உண்டு. முதல் நூறு பக்கத்துக்கு யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடாது. ஜொஹ்ரா யார், ரஹிமா யார், யார் யாருடைய மதினி என்று ஒரு காகிதத்தில் வம்ச மரம் வரைந்துகொண்டுதான் படித்தேன். பெரிய புத்தகம் வேறு, நூறு பக்கம் வெட்டியிருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். பாய் சொன்னது போல ஆண்கள் தட்டையாகத்தான் இருக்கிறார்கள். வருவார்கள், கத்துவார்கள், போவார்கள்.

அப்படியும் அந்த ஆண்களைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த வீட்டுப் பெண்களுக்கு ஆண்கள் தெரிவதே அப்படித்தான். வருடக்கணக்கில் வெளிநாட்டில் கடை. வந்தால் இரண்டு மாதம். உங்கள் அத்தா வெங்காயம் நறுக்கியதை நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் அம்மா எத்தனை நாள் பார்த்தார்? இருபத்தெட்டு வருடத்தில் கூட்டிப் பாருங்கள்.

எனக்கு அந்தப் புத்தகத்தில் தங்கிப்போனது படுக்கையறை இல்லை. பிர்தௌஸ். கல்யாண ராத்திரியிலேயே 'இந்த ஆளோடு வாழ மாட்டேன்' என்று சொல்லிவிட்டுத் தாய் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அழகானவள், இளம் வயது. இனி அவளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்து வீட்டுச் சிவாவோடு உறவு வருகிறது, கடைசியில் என்ன ஆகிறது என்பதைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். அதைவிட என்னைக் குத்தியது, திரும்பி வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் உட்கார ஓர் இடம் இல்லாததுதான். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அது வேறொருத்தியின் மூலை. என் சொந்தத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள். எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் வருவாள், எப்போதும் அடுப்படியிலேயே நிற்பாள். உட்காரச் சொன்னால் 'இருக்கட்டும் ஆப்பா' என்பாள்.

நூரம்மா என்று ஒரு கிழவி. அவள் மகள் ஃபாத்திமா ஓர் இந்துவோடு ஓடிப்போகிறாள். ஜமாத் கூடி நூரம்மாவை ஒதுக்கி வைக்கிறது. ஓடிப்போனது மகள், தண்டனை கிழவிக்கு. இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? ஆனால் இந்த இடத்தைப் பற்றி யாரும் வம்பு வளர்க்க மாட்டார்கள். வளர்த்தால் ஜமாத்தைப் பற்றிப் பேச வேண்டி வரும். உடம்பைப் பற்றித் திட்டுவது சுலபம்.

பாங்கு சொல்லிவிட்டார்கள். மிச்சம் அப்புறம்.


தட்டுவடை | திங்கள் மாலை 4.30

மன்னிக்கவும் அக்கா. நான் நாவலைப் படிக்கவில்லை, ஆவணப்படத்தைப் பற்றி ஒரு கட்டுரைதான் படித்தேன். 'கட்டாயம் படிக்க வைக்க வேண்டும்' என்று நான் எழுதியது எனக்கே இப்போது சிரிப்பாக இருக்கிறது.


ஓய்வுத் தமிழாசிரியர் | திங்கள் மாலை 6.00

சல்மாதான் முதல் முஸ்லிம் பெண் நாவலாசிரியர் என்று சிலர் நினைக்கிறார்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா? கடமையா?' 1938லேயே வந்துவிட்டது. உ.வே.சா. பாராட்டிய நாவல் அது. 1938க்கும் 2004க்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி, பாருங்கள். தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதெமி வாங்கினார். அவரும் முஸ்லிம் வீடுகளுக்குள் நடக்கும் கொடுமையை எழுதியவர்தான், அங்கேயும் பெண்கள் படும் பாடு கொஞ்சமில்லை. ஆனால் எந்தக் கூடத்துக்காரரும் அவர் புத்தகத்துக்கு இடம் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.


கோட்டை பாய் | திங்கள் இரவு 9.50

ஆப்பா சொன்ன நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். எழுத மனசில்லை. விடுங்கள்.

ஆனால் ஒரு விஷயம். கன்னடத்தில் பானு முஷ்தாக்கைப் பாருங்கள். 2025இல் 'ஹார்ட் லாம்ப்' தொகுப்புக்குச் சர்வதேச புக்கர் கிடைத்தது. ஹாசன்காரர், வக்கீல். பெண்களும் பள்ளிவாசலில் தொழலாம் என்று சொன்னதற்காக 2000 வாக்கில் எங்கள் ஆட்களே அவரை ஒதுக்கி வைத்தார்கள். அது தப்பு, நான் மழுப்பவில்லை. புக்கர் வாங்கிய அதே வருடம் மைசூர் தசராவைத் தொடங்கி வைக்க அவரைக் கூப்பிட்டபோது, 'ஒரு முஸ்லிம் எப்படித் தொடங்கி வைக்கலாம்' என்று மறுபக்கம் நீதிமன்றம் வரை போனது. மனு தள்ளுபடி ஆனது, அவர் தொடங்கி வைத்தார், அது வேறு. எங்கள் பெண்களைப் புத்தகத்தில் மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, நேரில் வந்தால் கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்கிறேன். என் பயம் அதுதான்.


லைன்மேட்டு ஆப்பா | திங்கள் இரவு 10.30

அந்தப் பயம் எனக்கும் உண்டு பாய். இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது அந்த அம்மாதான், நீங்களோ நானோ இல்லை. அவரே பயப்படாமல் எழுதுகிறார், படிப்பதற்கு நமக்கு என்ன?


அஞ்சுரோடு | செவ்வாய் காலை 7.00

கூடத்துக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைத் திட்டி யாரோ தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள், வேண்டாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்த விவகாரம் நடந்தது நமக்குப் பக்கத்தில், 1997 வரை சேலம் மாவட்டமாகவே இருந்த நாமக்கல்லில். புத்தகம் 2010இல் வந்து நாலு வருடம் சும்மா இருந்தது. 2014 கடைசியில் பற்றிக்கொண்டது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பு சொல்லிவிட்டது, ஆனாலும் வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தீர்ப்பு ஞாபகம் இருப்பதில்லை, கடையடைப்புதான் ஞாபகம் இருக்கிறது.


ஒண்டிக்கடை | செவ்வாய் காலை 9.15

எதற்கு இவ்வளவு? எல்லாரும் ஏற்காட்டுக்கு வந்துவிடுங்கள். எங்கள் காப்பித் தோட்டத்தில் ஒரு பழைய வீடு சும்மா கிடக்கிறது. சில்வர் ஓக் நிழல், குளிர், கேட்பார் யாரும் இல்லை. இரவு தங்கி, நிஜமான இரண்டாம் ஜாமத்திலேயே வாசிக்கலாம். காப்பி என் செலவு.


தட்டுவடை | செவ்வாய் காலை 9.20

செம யோசனை! நான் ரெடி.


லைன்மேட்டு ஆப்பா | செவ்வாய் மதியம் 3.05

ஒண்டிக்கடை அண்ணா, உங்கள் மனசு பெரியது. ஆனால் ஒன்று யோசியுங்கள். நான் கூட்டி வரப்போகும் பெண்கள் நாலு பேர். கீழிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போக வர மூன்று மணி நேரம். அந்தித் தொழுகையான மஃரிபுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால் காலையிலேயே கிளம்ப வேண்டும், அப்போது மதியச் சமையல் யார் செய்வது? 'ஏற்காட்டுக்கு எதுக்கு?' என்று வீட்டில் கேட்டால் புத்தகம் படிக்க என்று சொல்ல முடியுமா? இரவு தங்குவதைப் பற்றி நான் பேசவே இல்லை.

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியாததைப் பற்றிய நாவலை, பெண்கள் வர முடியாத இடத்தில் வைத்து வாசிக்கப் பார்க்கிறீர்கள்.


ஒண்டிக்கடை | செவ்வாய் மதியம் 3.30

அடடா. தலையில் குட்டிக்கொண்டேன். காப்பித்தூளோடு நானே கீழே வருகிறேன்.


கொலுசுப்பட்டறை | செவ்வாய் மாலை 5.45

எங்கள் வீட்டு மாடியில் வைக்கலாம். தகரக் கூரை, மின்விசிறி இரண்டு. பாய் விரித்தால் இருபத்தைந்து பேர் உட்காரலாம். கீழே அம்மாவும் தெருப் பெண்களும் சலங்கை கோத்துக்கொண்டிருப்பார்கள், ஞாயிறும் வேலை உண்டு. நாம் என்ன பேசினாலும் அவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்காது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவர்கள் பேசுவது மேலே கேட்டால் நம்மில் சிலருக்குத்தான் சிரமம்.


கோட்டை பாய் | புதன் இரவு 11.20

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

பென்சிலோடு படித்தேன் என்றேன் அல்லவா, அந்தப் பிரதி பீரோ மேல் இருந்தது. ஞாயிறன்று இங்கே நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் மனைவி எடுத்திருக்கிறாள். முதலில் நான் கோடு போட்ட இடங்களை மட்டும் புரட்டிப் படித்திருக்கிறாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள். இன்னும் முடிக்கவில்லை. இன்று சாப்பிடும்போது கேட்டாள்: "வஹிதாவுக்கு சிக்கந்தரைப் பேசி முடிக்கிறாங்களே, அங்க ஏன் நீங்க கோடு போடல?"

அங்கே என்ன தப்பாக இருக்கிறது என்று கேட்டேன். "அதான் கேக்குறேன்" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எங்கள் கல்யாணமும் பெரியவர்கள் பேசி முடித்ததுதான். அவளிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக நானும் கேட்டதில்லை.

நாவலைப் பற்றி என் கருத்து இன்னும் மாறவில்லை. ஆண்கள் தட்டை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவர்கள் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். கூட்டத்துக்கு வந்து இதையெல்லாம் சொல்வேன். அவளும் வருகிறேன் என்கிறாள்.


அஞ்சுரோடு | வியாழன் காலை 6.50

அப்படியானால் முடிவு செய்துவிடலாம். புத்தகம் அதே. இடம் கொலுசுப்பட்டறை வீட்டு மாடி. ஞாயிறு மதியம் 2 மணி, லுஹருக்குப் பிறகு. நாலரைக்குள் முடித்துவிடுவோம், யாருக்கும் அவசரம் வேண்டாம். என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று. மேலும் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். முழுதும் படிக்காதவர்களும் வரலாம். ஆசிரியர் ஐயா ஜாமக் கணக்கைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். தட்டுவடை, உன் பெயருக்கு ஏற்ற மாதிரி தட்டுவடை செட் உன் பொறுப்பு. பீட்ரூட், கேரட் கொஞ்சம் தாராளமாக.


தட்டுவடை | வியாழன் காலை 7.30

முப்பது செட் சொல்லிவிடுகிறேன். அதுவரை நூற்றைம்பது பக்கமாவது படித்துவிட்டு வருகிறேன். இப்போது நாற்பதில் நிற்கிறேன், ஆப்பா சொன்ன மாதிரி வம்ச மரம் வரைந்துகொண்டிருக்கிறேன், காகிதம் பத்தவில்லை.


லைன்மேட்டு ஆப்பா | வியாழன் மதியம் 2.40

நாங்கள் ஐந்து பேர். ஐந்தாவது என் மாமியார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், புத்தகம் வாசிக்க என்று சொல்லிவிட்டேன், நானும் வருகிறேன் என்கிறார். அவருக்காக யாராவது சத்தமாக, நிதானமாக வாசித்தால் நல்லது, நான் காதில் தக்னியில் சொல்லிக்கொள்வேன். படியில் ஏறக் கைப்பிடி இருக்கிறதா?

கோட்டை பாய், அந்தக் கோடு போட்ட பிரதியை மறக்காமல் கொண்டு வாருங்கள். பென்சிலை உங்கள் வீட்டு பாபியிடம் கொடுத்துவிடுங்கள்.